வேலையில் எது வலிக்கிறது?

(கொடைரோட்டில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை பிடிக்காமல் போவதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள், இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள். நேரத்தைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பகல் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அவர்கள் நடுவில் எழுந்து போனால் யாரும் தவறாக நினைக்க வேண்டாம். மில் வண்டி எந்தப் பேச்சாளருக்காகவும் காத்திருக்காது.

இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே 1875 வாக்கில் ரயில் பாதை வந்தது. அம்மையநாயக்கனூருக்கு, அதாவது நம் கொடைரோட்டுக்கு, ஒரு நிலையம் கிடைத்தது. கொடைக்கானலுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் இங்கேதான் இறங்குவார்கள். மலைச்சாலை போடாத காலம் அது. இங்கிருந்து அடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் டோலி. துரையும் துரைசானியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நம் ஆட்கள் தோளில் சுமந்து மலையேறினார்கள். மலைக்குப் போய் வந்தவர்கள் குளிரைப் பற்றியும் அருவியைப் பற்றியும் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். சுமந்தவனிடம், "உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா?" என்று ஒருவராவது கேட்டிருப்பாரா? நான் நம்பவில்லை. அவனுக்கே அப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. அரிசி வாங்கக் காசு கிடைத்ததா என்பதோடு அவன் கணக்கு முடிந்துவிடும்.

இன்றைக்கு அவனுடைய கொள்ளுப் பேத்தி, "எனக்கு இந்த வேலை பிடிக்கலைப்பா" என்கிறாள். உடனே வீட்டில் பெரியவர்கள், "கொழுப்பு! நாங்கெல்லாம் பிடிச்சா செஞ்சோம்?" என்று அதட்டுகிறார்கள். அதைக் கொழுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டைத் தாண்டி ஒரு கேள்வி கேட்கிற இடத்துக்கு ஒரு குடும்பம் வந்து சேர நான்கு தலைமுறை உழைப்பு ஆகியிருக்கிறது. அந்தக் கேள்வியை அடக்க வேண்டாம், ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

"பிடிக்கலை" என்கிறோமே, அந்த ஒரே சொல்லுக்குள் நாலு தனித்தனி வலி ஒளிந்திருக்கிறது.

முதலாவது, கூலி. செய்கிற வேலைக்குப் போதுமான பணம் வருவதில்லை, அல்லது சொன்ன தேதிக்கு வருவதில்லை. இரண்டாவது, மரியாதை. பணம் வருகிறது, ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அதட்டல், ஏச்சு, சில இடங்களில் அதைவிட மோசமும் உண்டு. மூன்றாவது, பிடிமானம். எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் என் கைக்கும் மூளைக்கும் இடமே இல்லை. நாலாவது, பயன். நாள் முழுக்க எதையோ செய்கிறேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

கூலி, மரியாதை, பிடிமானம், பயன். இந்த நாலில் எது குறைகிறது என்று பார்க்காமல் வேலையை மாற்றுவது, வயிற்று வலிக்காரன் கண் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது மாதிரி. மருந்துக் கடைக்கு லாபம், வலிக்கு ஒன்றும் ஆகாது.

நம் மாவட்டத்திலேயே இந்த வலிகளை நாலு வேலைகளில் பார்க்கலாம். முதலில் திண்டுக்கல் பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த அதே வேளையில். பத்திரிகையில் படம் வந்தது, எல்லோரும் பெருமைப்பட்டோம். நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுக்காரர் பட்டறையில் போய் உட்கார்ந்து பாருங்கள். தகட்டை வெட்டி, வளைத்து, உள்ளே லீவர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சுருளை வைத்து, சாவியின் பல்லை அரத்தால் ராவுவார். ஒரு ராவல், சாவியைப் போட்டு ஒரு திருப்பு. லீவர் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. இன்னொரு ராவல், இன்னொரு திருப்பு. 'டக்' என்று விழுகிற சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார், "சரியாப் போச்சு." அந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும்தான். அவர் செய்த பூட்டு ஏதோ ஒரு கோயில் கதவிலோ, ஒரு மளிகைக் கடையிலோ முப்பது வருஷம் தொங்கும்.

பிடிமானம் இருக்கிறதா? முழுக்க அவர் கையில். பயன் தெரிகிறதா? கண் முன்னால். ஊரில் மரியாதையும் உண்டு. ஆனால் மகனைப் பட்டறைக்குள் விடமாட்டார். கேட்டால், "நம்மளோட போகட்டும்" என்பார். அலிகாரிலிருந்தும் இயந்திர ஆலைகளிலிருந்தும் வருகிற மலிவான பூட்டோடு கைவேலை விலையில் போட்டி போட முடியவில்லை. எண்ணிக்கைக் கூலியில் குடும்பம் ஓடவில்லை. இவருக்கு இருக்கிற வலி ஒரே வலி, கூலி. இவரிடம் போய், "உங்கள் கலையை நேசியுங்கள், மனநிறைவு கிடைக்கும்" என்று பேசினால் அரத்தாலேயே அடித்தாலும் அடிப்பார். நேசிக்காமலா முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறார்?

அடுத்து, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள். ஸ்பின்னிங்கில் சைடு, அதாவது இயந்திரத்தின் ஒரு பக்கம், பார்க்கிற பெண்ணுக்குக் கூலி பூட்டுக்காரரைவிட ஒழுங்காக வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அதுவும் ஒரு தெம்பு. ஆனால் வேலை என்ன? வரிசையாகச் சுழல்கிற கதிர்கள். எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடி ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் அந்தக் கோடியில் இன்னொன்று அறுந்திருக்கும். காதை அடைக்கிற இரைச்சல், மூக்கில் பஞ்சு, ஷிப்டு முழுக்க நடை. வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது, நேரத்தை மேஸ்திரி தீர்மானிக்கிறார். அந்த நூல் எந்த ஊரில் எந்தச் சட்டையாகிறது என்று அவளுக்குத் தெரியாது. இவளுக்கு வலிப்பது பிடிமானமும் பயனும். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் ஒரு காலம் நடந்ததே, பெண் பிள்ளைகளின் உழைப்பைப் பிணையாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அந்தத் தொகையையும் இழந்தார்கள்.

மூன்றாவது, நம் நிலக்கோட்டை மல்லிகை. விடியும் முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, மடியில் துணி கட்டிக்கொண்டு காட்டில் இறங்குகிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது, ஆகையால் இருட்டோடு பறித்தாக வேண்டும். மார்கழி, தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது என்று செய்தி வரும். படிக்கிறவர் பறிக்கிறவளுக்கும் நல்ல காலம் என்று நினைத்துக்கொள்வார். விலை ஏறக் காரணமே பனியில் பூ குறைந்தது. பல காடுகளில் பறிகூலி எடைக்கணக்கு. பூ குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். சந்தையில் விலை உச்சத்தில் இருக்கிற அன்றுதான் அவள் கையில் குறைவாக வரும். இந்த வலிக்கு அவளுடைய மனப்பான்மையில் மருந்து இருக்கிறதா? கூலியைக் கணக்கிடுகிற முறையில் இருக்கிறது.

நாலாவது, நாம் எல்லோரும் சாமி கும்பிடுகிற மாதிரி கும்பிடுகிற அரசு வேலை. 2024-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நடந்தது. முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலைகளுக்கு எம்.ஏ., பி.இ. படித்தவர்கள் வருகிறார்கள். "சோம்பேறிகள், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கப் பார்க்கிறார்கள்" என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அப்படி இல்லை ஐயா. தனியார் இடங்களில் கூலியும் மரியாதையும் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த 20 லட்சம் விண்ணப்பம்தான் சாட்சி. நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் இல்லாமல் தூங்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா?

ஆனால் ஜெயித்து உள்ளே போனவர்களோடும் பேசியிருக்கிறேன். இரண்டு வருஷம் ஆனதும் புதுக் குரல் கேட்கிறது: "அண்ணே, சம்பளம் சரியா வருது, லீவு இருக்கு. ஆனா ஏன் இப்படி சலிப்பா இருக்கு?" அவருக்கு முதல் இரண்டு வலியும் தீர்ந்துவிட்டது. அடுத்த இரண்டு வலியும் இப்போதுதான் வெளியே தெரிகிறது. ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான், முன் வலியின் சத்தத்தில் கேட்காமல் இருந்தது.

இதை வெளிநாட்டில் ஆய்வு செய்தும் சொல்லியிருக்கிறார்கள். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துப் பேசினார். "வேலையில் ரொம்பச் சந்தோஷமாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், ரொம்ப வெறுத்துப்போன ஒரு சமயத்தையும் சொல்லுங்கள்" என்று கேட்டார். 1959-ல் புத்தகமாக வந்தது. வெறுத்த கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது நிர்வாகம், மேலதிகாரி, சம்பளம், வேலையிடச் சூழல். சந்தோஷக் கதைகளில் வந்தது வேறு: ஒன்றைச் சாதித்தது, அதை இன்னொருவர் கவனித்துச் சொன்னது, பொறுப்பு கிடைத்தது, வேலையே சுவையாக இருந்தது. அதாவது, வெறுப்பைத் தருகிற காரணத்தை நீக்கினால் வெறுப்பு போகும், ஆனால் அதனாலேயே நிறைவு வந்துவிடாது. நிறைவுக்கு வேறு வாசல்.

அவருடைய முறையில் ஓட்டை இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். இருக்கட்டும். நம் பூட்டுக்காரரையும் குரூப் 4 தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு அந்த அடிப்படை புரியும். நான் அதை நம் ஊர்க் கணக்கில் இப்படிச் சொல்வேன்: கூலிக்கும் மரியாதைக்கும் உங்கள் மனசுக்குள் மருந்து தேடாதீர்கள். பிடிமானத்துக்கும் பயனுக்கும் உங்கள் பர்ஸுக்குள் மருந்து தேடாதீர்கள்.

இந்தப் பிடிமானம் என்பதை வசதியானவர்களின் சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனில் அரசு ஊழியர்களையே எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், ஒயிட்ஹால் ஆய்வு என்று பேர். 1967-ல் தொடங்கியது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர். பட்டினி கிடக்கிறவர் யாரும் அவர்களில் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை. அப்படி இருந்தும் கீழ்ப்படியில் இருந்தவர்களிடம் மாரடைப்புச் சாவு மேல்படிக்காரர்களைவிட அதிகம். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி முழுக்க மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையின் மேல் தனக்கு அதிகாரம் இல்லாத நிலைக்கு அதில் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. 'டென்ஷன் பெரிய ஆபீசருக்குத்தான்' என்று நாம் நினைக்கிறோம். சொன்னதைச் செய் என்று நாள் முழுக்க ஆட்டுவிக்கப்படுகிறவனின் இதயம்தான் முதலில் தேய்கிறது.

சரி, மருந்து என்ன? மூன்று கதை சொல்கிறேன். மூன்றும் நம் பக்கத்தோடு தொடர்புள்ளவை.

முதல் கதை ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காளராகத் தேர்ந்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். சூட்டும் கோட்டும், கைநிறைய வருமானம். நம் பாஷையில் 'செட்டில் ஆனவர்'. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியைப் பற்றி ஆராயும்போது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வரவு செலவு எழுதத் தெரிந்த மனிதருக்கு ஒரு நாட்டின் வரவு செலவு எதிரே விரிந்தது. திரும்பி வந்து 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அப்புறம் பம்பாய்த் தொழிலுக்குப் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குமரப்பா கணக்குப் பார்ப்பதை விட்டுவிடவில்லை. காந்தி அவரைக் குஜராத்தின் மாதர் தாலுக்காவுக்கு அனுப்பினார். கிராமம் கிராமமாகப் போய், ஒரு குடியானவன் வீட்டில் என்ன வருகிறது, என்ன போகிறது, வரி எவ்வளவு என்று கணக்கெடுத்தார். கையில் இருந்த திறமை அதே திறமை. யாருக்காக என்பது மாறியது. கம்பெனி முதலாளிக்குப் போட்ட கணக்கைக் குடியானவனுக்குப் போட்டார். தம்பிகளே, வேலை பிடிக்கவில்லை என்றதும் படித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முற்றிலும் புதிதாக ஒன்றில் குதிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, பல சமயம் தொழிலை மாற்ற வேண்டியதில்லை. அதே தொழிலை வேறு ஆளுக்குச் செய்தால் போதும்.

1945-ல் சிறையில் இருந்தபடி 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் வேலையைப் பிரித்துப் பார்க்கிறார். எந்த வேலையிலும் அலுப்பான பகுதியும் இருக்கிறது, மகிழ்ச்சி தருகிற பகுதியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் வேலை. வசதி உள்ளவர்கள் மகிழ்ச்சியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு அலுப்பை மட்டும் மற்றவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது அவர் வாதம். டோலி சுமந்தவரையும் மில்லில் இழை ஒட்டுகிற பெண்ணையும் நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படியுங்கள். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார்.

இரண்டாவது கதை இன்னும் பக்கம். இங்கிருந்து திண்டுக்கல்லுக்குப் போகிற வழியில் அம்பாத்துரை. அங்கே காந்திகிராமம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயசில் கல்யாணம், இருபது சொச்ச வயசில் கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டுக்குள் ஒரு மூலைதான் ஒதுக்குவார்கள். அவர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். 1947-ல் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளபட்டியில் சிறிதாக ஆரம்பித்த மருத்துவப் பணிதான் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956-ல் கிராமிய நிறுவனம் வந்தது, பின்னால் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நம் வீடுகளில் பாதிப் பேர் கஸ்தூரிபாவில் பிறந்திருப்பீர்கள். ஒரு டாக்டர் தன் வேலைக்குப் பயன் தேடினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த வளாகமே கணக்கு.

இந்த இரண்டு பேரையும் காட்டி, "நீங்களும் துணிந்து விட்டுவிடுங்கள், எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற பேச்சாளர்கள் நிறைய இருக்கிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். சௌந்தரத்துக்குப் பின்னால் பெரிய வீடு இருந்தது. குமரப்பாவுக்கு மனைவி மக்கள் இல்லை, லண்டன் படிப்பு கையில் இருந்தது. விழுந்தால் தாங்க அடியில் ஏதோ ஒன்று இருந்தது. அடியில் ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு கதை வேண்டும். அதுதான் மூன்றாவது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் பெண் கொலை செய்யப்பட்டாள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். ஆலைக்குள் பெண்களுக்கு நடந்த தொல்லைகள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம், பெண்களே நடத்துகிற சங்கம், அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றது. 2022-ல் ஆலை நிர்வாகத்தோடும், அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. உலகத் தொழிற்சங்க வட்டாரத்தில் அதற்குப் பேர் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. வெறும் வாக்குறுதி இல்லை, மீறினால் வியாபாரத்தில் அடி விழுகிற மாதிரியான ஏற்பாடு. தொழிலாளர்களிலிருந்தே, 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கண்காணிப்பாளர்கள். யாராவது தப்பாகப் பேசினால், தொட்டால், அந்த இடத்திலேயே புகார் எடுக்கப் பக்கத்து மெஷின் அக்காவுக்கே பயிற்சி.

அந்தப் பெண்கள் வேலையை விட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை. இருந்த வேலையை மாற்றினார்கள். மரியாதை என்ற வலிக்கு அதுதான் மருந்து, தியானமும் தன்னம்பிக்கை வகுப்பும் அதற்கு உதவாது. நகரத்து ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருந்தார்களே, நம் பக்கத்துப் பிள்ளைகள், அவர்களுக்காக 2021-ல் சட்டசபையில் சட்டத் திருத்தம் வந்தது, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று. ஒரு ஸ்டூல்தான். அந்த ஸ்டூலுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், "உன் மனசை மாற்றிக்கொள்" என்று அந்தப் பிள்ளைக்கு எத்தனை வருஷம் நாம் உபதேசம் செய்திருப்போம்!

ஆனால் மனசுக்கும் ஒரு வேலை உண்டு, மூன்றாவது நாலாவது வலியில். அமெரிக்காவில் எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறவர்களைப் பார்த்து 2001-ல் எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே துடைப்பம். ஒரு சாரார் தரையைத் துடைத்தோம், போனோம் என்று இருந்தார்கள். இன்னொரு சாரார் வார்டின் வேலைக்கு ஏற்ப நேரம் பார்த்துத் துடைத்தார்கள், நோயாளிகளிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தங்கள் வேலையை நோயாளி குணமாவதின் ஒரு பகுதியாக அவர்களே ஆக்கிக்கொண்டார்கள். இதை முதலாளிகள் கையில் எடுத்துக்கொண்டு, "பார், சம்பளம் முக்கியமில்லை" என்று சொல்லக் கூடாது. கூலியும் மரியாதையும் ஓரளவு இருக்கிறவன் தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடிய சுதந்திரம் இது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனியுங்கள்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம், ராத்திரி படுக்கும் முன் ஒரு வரி: இன்று வேலையில் எது வலித்தது? கூலியா, மரியாதையா, பிடிமானமா, பயனா? ஏதாவது ஒரு நாள் நன்றாக இருந்தால் அன்று என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். மாதக் கடைசியில் படித்துப் பார்த்தால் ஒரே பேர் திரும்பத் திரும்ப வரும். சில பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். 'வேலையே பிடிக்கலை' என்று நினைத்திருப்பார்கள், நோட்டு முழுக்க ஒரே ஒரு மேலாளர் இருப்பார். அந்த ஆளுக்காக ஏன் தொழிலை விட வேண்டும்? பக்கத்துப் பிரிவுக்கு மாற்றல் கேட்டால் போதாதா?

வலி கூலி என்றால், வேறு இடத்தில் என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள், கூடுதலாக ஒரு கைத்திறமையைக் கற்றுக்கொள்ளுங்கள், சேர்ந்து கேளுங்கள். வலி மரியாதை என்றால், சங்கமும் சட்டமும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் இடத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போதே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். வலி பிடிமானம் என்றால், ஒரு சின்னப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். வலி பயன் என்றால், குமரப்பா மாதிரி, உங்கள் திறமை வேறு யாருக்குத் தேவை என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், கோபத்தில் கடிதம் கொடுக்காதீர்கள். கணக்குப் பார்த்துக் கொடுங்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி வேண்டும். நாலு வருஷம் முடிந்து ஆறு மாதத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டு, பிறகு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. பி.எஃப். பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பத்து ஆண்டுப் பணிக்காலம் சேர்ந்தால்தான் அதில் ஓய்வூதியத் தகுதி வரும். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். குமரப்பாவுக்கும் சௌந்தரத்துக்கும் அடியில் இருந்த தரையை நமக்கு நாமே போட்டுக்கொள்கிற வழி இது.

புதிய வேலையை விடுமுறையில் செய்து பாருங்கள். பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்து சலித்துப்போன தம்பி, "ஊருக்கு வந்து திராட்சை போடப் போகிறேன்" என்கிறார். வரட்டும், சந்தோஷம். அதற்கு முன் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பருவம் கூடவே நில்லுங்கள். கல் ஊன்றிக் கம்பி கட்டிப் பந்தல் போடுகிற செலவு, கவாத்து, மழை விட்டதும் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து அடிக்க ஓடுகிற ஓட்டம், பழம் பழுத்த அன்று வியாபாரி சொல்கிற விலை, எல்லாம் பாருங்கள். பிடிமானமும் பயனும் நிறைய உண்டு. கூலி என்ற வலி உங்களுக்காகத் தோட்டத்து வாசலில் காத்திருக்கும். அதைத் தாங்க முடியுமா என்று தெரிந்துகொண்டு இறங்கினால் அது துணிச்சல். தெரியாமல் இறங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர் முதல் வருஷத்திலேயே உங்களுக்காக வருத்தப்படுவார்.

முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் நிற்க மாட்டேன் என்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று புலம்புகிறீர்கள். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டீர்களா? சம்பளத்தை ஏற்ற முடியாத சிறு தொழிலாக இருக்கலாம். பேர் சொல்லிக் கூப்பிடக் காசு வேண்டாம். ஷிப்டு அட்டவணையை அவர்களையே போட விடுவதற்குக் காசு வேண்டாம். அவர்கள் செய்த பொருள் எங்கே போயிற்று, வாங்கியவர் என்ன சொன்னார் என்று வந்து சொல்வதற்கும் காசு வேண்டாம்.

கடைசியாகப் பெற்றவர்களுக்கு. பிள்ளை வேலையிலிருந்து வந்தால் நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "எவ்வளவு வருது?" மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் அதேதான். கேட்க வேண்டிய கேள்விதான், விட வேண்டாம். அதோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "அங்கே உன்னை எப்படி நடத்துறாங்க? உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கா? இன்னைக்கு நீ செஞ்ச வேலையால யாருக்கு என்ன ஆச்சு?" ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பிள்ளை உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும். மூன்றாம் நாள் பேச ஆரம்பிக்கும். வேலையை விடுவதா, இருந்து மாற்றுவதா என்ற முடிவை அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எடுக்கலாம். வலி எது என்று தெரிந்த பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகப் போவதில்லை.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நைட் ஷிப்டுக்காரர்கள் முதலில் கேட்கட்டும்.